ஹவாய் வளர்த்த பிள்ளை

1854 ஏப்ரலில் சால்ட் லேக் நகரத்தில் மார்மன் சபையின் பொதுமாநாடு நடந்தது. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களின் பெயர்களை மேடையில் வாசித்தார்கள். முன்கூட்டியே ஆளைக் கேட்டுச் சம்மதம் வாங்குவதெல்லாம் அந்தக் காலத்தில் வழக்கமில்லை. பெயர் வாசிக்கப்பட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அன்றைய பட்டியலில் ஜோசப் எஃப். ஸ்மித் என்றொரு பெயர் இருந்தது. வயது 15. போக வேண்டிய இடம் பசிபிக் கடலின் நடுவே இருக்கும் சாண்ட்விச் தீவுகள், இன்றைய ஹவாய்.

மார்மன்கள் என்று ஊரார் அழைக்கும் இந்தச் சபையின் முறையான பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் அதைத் தொடங்கியவர் ஜோசப் ஸ்மித். அவருடைய அண்ணன் ஹைரமின் மகன்தான் இந்தப் பையன். 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்தேஜ் சிறைக்குள் ஒரு கும்பல் புகுந்து அண்ணன் தம்பி இருவரையும் சுட்டுக் கொன்றது. அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. தாய் மேரி ஃபீல்டிங் ஸ்மித் மாட்டுவண்டிகளோடு அமெரிக்கச் சமவெளியைக் கடந்து 1848இல் யூட்டா வந்து சேர்ந்தபோது, வண்டி ஓட்டியவர்களில் ஒன்பது வயது நிரம்பிய இவனும் ஒருவன். நான்கே வருடங்களில் தாயும் இறந்துபோனார்.

அதன்பிறகு அவனுக்குள் கோபம் குடியேறியது. தங்கையை அடிக்க வாத்தியார் வாரை எடுத்த நாளில் குறுக்கே புகுந்து வாத்தியாரையே அடித்துப் போட்டான். பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது. ஊழிய அழைப்பு வந்தது அதற்குச் சிறிது காலத்துக்குள்தான்.

சபையார் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். துணிச்சலான சிறுவன் தூர தேசம் போனான், சுமார் நூறு நாளில் அந்நிய மொழியைக் கற்றான், ஒரு தீவின் சபைகளையே நடத்தினான், பிற்பாடு சபையின் ஆறாவது தலைவரானான் என்பார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இதே கதையை ஹவாயிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தாய் தகப்பன் இல்லாத ஒரு கோபக்காரப் பையனை, நோயாலும் வறுமையாலும் தாங்களே நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்த மக்கள் எடுத்து வளர்த்தார்கள். கதையின் அந்தப் பாதிக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்றுவரை கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணமோ பையோ எடுத்துக்கொள்ளாமல் சீடர்கள் ஊர் ஊராகப் போனதாகச் சுவிசேஷம் சொல்கிறதல்லவா, அதையே மார்மன்கள் சட்டமாகக் கடைப்பிடித்தார்கள். சபை பயணச் செலவு தராது. மே மாதம் கிளம்பிய குழு கலிபோர்னியா வந்ததும் கப்பல் கட்டணத்துக்காகக் கூலி வேலைக்குப் போனது. சான்டா குரூஸ் மலைக்காடுகளில் கூரைக்கு வேயும் மரச்சில்லுகளை அறுத்துக் கொடுத்துப் பையன் தன் கட்டணத்தைச் சம்பாதித்தான். 1854 செப்டம்பர் 27 அன்று கப்பல் ஹொனலுலு சேர்ந்தது.

அவன் கால் வைத்த நாடு துக்கத்தில் இருந்தது. கேப்டன் குக் 1778இல் வந்தபோது தீவுகளில் சில லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1853 கணக்கெடுப்பில் வெளிநாட்டாரையும் சேர்த்து எண்ணியும் 73,138 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். கப்பல்கள் கொண்டுவந்த நோய்கள் அடுக்கடுக்காக மக்களை வாரிக்கொண்டு போயிருந்தன. அதே 1853இல் பெரியம்மை வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1848இல் தொடங்கிய நிலப் பங்கீட்டில் சாதாரணக் குடிமக்கள் பெரும்பாலோர் கையில் எதுவும் தங்கவில்லை. பையன் வந்து மூன்று மாதம் ஆகுமுன்பே மன்னர் மூன்றாம் கமேஹமேஹாவும் காலமானார்.

மார்மன் ஊழியர்கள் முதன்முதலில் அங்கே வந்தது 1850 டிசம்பரில். வந்த பத்துப் பேரும் வெள்ளைக்காரர்களுக்குப் போதிப்பதாகத்தான் எண்ணியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் காது கொடுக்கவில்லை. பத்தில் பாதிப் பேர் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார்கள். ஜார்ஜ் க்யூ. கேனன் என்ற இளைஞர் உள்ளூர் மக்களிடம்தான் வேலை என்று முடிவெடுத்து மாவி தீவில் தங்கிவிட்டார். அவருக்குக் கைகொடுத்தவர் வைலுக்கு ஊரின் நீதிபதி ஜொனதன் நாபேலா. பிரபுக் குலத்தவர், நன்கு படித்தவர். கேனனோடு உட்கார்ந்து மார்மன் புத்தகத்தை ஹவாய் மொழிக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1855இல் சான் பிரான்சிஸ்கோவில் அது அச்சானது. யூட்டாவிலிருந்து வருகிற ஊழியர்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியரும் நாபேலாதான். பின்னாளில் மனைவிக்குத் தொழுநோய் கண்டபோது, நோயில்லாத நாபேலா 1873இல் அவருடனேயே கலாவுபாப்பா தனிமைக் குடியிருப்புக்குப் போனார். தொழுநோயாளரிடையே ஊழியம் செய்த கத்தோலிக்கக் குரு தாமியனும் அதே ஆண்டுதான் அங்கே வந்தார். நாபேலா நோய் தொற்றி 1879இல் அங்கேயே இறந்தார்.

இதே காலத்தில் நம் சென்னைக்கும் மார்மன் ஊழியர்கள் வந்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ரிச்சர்ட் பாலன்டைன் 1853 ஜூலையில் மதராஸில் இறங்கி ஓராண்டு தங்கினார், ஒரு சிறு பத்திரிகைகூட நடத்தினார். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர் மதராஸை விட்டுக் கிளம்பிய 1854 நடுவில்தான் நம் பையன் ஹவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

அவனுக்குக் கிடைத்த முதல் இடம் மாவியின் கூலா. பத்தாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹலேயகலா எரிமலையின் சரிவு அது. தங்கம் தேடிக் கலிபோர்னியாவில் குவிந்த கூட்டத்துக்கு உருளைக்கிழங்கு விளைவித்து அனுப்பிச் சில காலம் செழித்த பகுதி. அவன் போனபோது அந்த வியாபாரம் தளர்ந்திருந்தது. புல் வேய்ந்த குடிசை, தரையில் தாழை ஓலைப் பாய், ஒரே அறையில் குடும்பம் முழுவதும். சாப்பாடு பொயி. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்து, தண்ணீர்விட்டுக் குழைத்து, இரண்டொரு நாள் புளிக்கவிட்டுச் சாப்பிடுவது. அமெரிக்க நாக்குக்கு முதலில் அது இறங்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் வேறு சாப்பாடு கிடையாது. மீன் கிடைத்த நாளில் மீனும் உண்டு. வீட்டுக்காரர்கள் தங்களுக்கு இருந்ததில் பங்கு வைத்தார்கள்.

மொழி சீக்கிரம் வந்ததை அவன் ஆயுள் முழுவதும் கடவுளின் வரமாகவே கருதினான். விசுவாசி அப்படித்தான் எண்ணுவார்; அதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பையன் தங்கியது ஹவாய்க்காரர்கள் வீட்டில். உண்பதும் உறங்குவதும் வம்படிப்பதும் அவர்களோடு. தப்பாகப் பேசினால் திருத்த வீடு நிறையக் குழந்தைகள் இருந்திருப்பார்கள். வரம் இந்த வழியாகவும் வந்திருக்கலாம். ஓராண்டுக்குள் மாவி சபைகள் அவன் பொறுப்புக்கு வந்தன. பிறகு ஹவாய் தீவின் ஹீலோ, கொஹாலா. அதன் பிறகு மொலோக்காய். எங்கும் நடைதான். எரிமலைக் குழம்பு இறுகிய கரடுமுரடான பாதைகளில் ஒரு கிராமத்துச் சபையிலிருந்து அடுத்ததற்குப் போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது, சபைக்கு வராமல் நின்றுபோனவர்களைத் தேடிப்போய்ப் பேசுவது. இதையெல்லாம் பதினாறு பதினேழு வயதுப் பையன் செய்தான். பெரியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பொறுமையை நாம் கவனிக்க வேண்டும்.

ஊழிய காலத்தில் அவன் கடும் காய்ச்சலில் விழுந்தான். பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. மானுஹீ என்ற ஹவாய்ப் பெண் அவனைத் தன் வீட்டில் வைத்து, பெற்ற பிள்ளைக்குச் செய்வது போல எல்லாம் செய்து பிழைக்க வைத்தார். அவன் பெயரை ஹவாய் நாக்குக்கு ஏற்ப 'இயோசெப்பா' என்று அழைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, சபையின் தலைவராக, நரைத்த நீண்ட தாடியோடு அவர் ஹொனலுலு துறைமுகத்தில் வந்து இறங்கினார். வரவேற்க வந்த கூட்டத்துக்குள்ளிருந்து பார்வையிழந்த ஒரு மூதாட்டி இயோசெப்பா, இயோசெப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கையில் கொஞ்சம் வாழைப்பழம். வேறு கொண்டுவர அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. ஜோசப் ஓடிப்போய்க் கிழவியைக் கட்டிக்கொண்டு அம்மா, அம்மா என்று அழுதார். உடனிருந்த சார்ல்ஸ் நிப்லி இதை எழுதி வைத்திருக்காவிட்டால் இந்தச் சந்திப்பே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

லானாய் தீவின் பலாவாய்ப் பள்ளத்தில் ஹவாய் மார்மன்கள் ஒன்றுகூடி வாழ ஒரு குடியிருப்பு அமைத்திருந்தார்கள். தண்ணீர் அரிதான வறண்ட மண். 1856இல் அங்கே ஒரு வீடு தீப்பிடித்து, உள்ளே இருந்த ஜோசப்பின் பெட்டியும் எரிந்தது. உடைகள், புத்தகங்கள், முதல் ஒன்றரை வருட நாட்குறிப்புகள் எல்லாம் சாம்பல். அவனுக்கும் உடன் ஊழியருக்கும் சேர்த்து மிஞ்சியது ஒரே ஒரு உடுப்பு என்றும், ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் மற்றவர் படுக்கையிலேயே கிடப்பார் என்றும் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். அவர் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது.

தப்பிய நாட்குறிப்புகள் 1856 ஜனவரியிலிருந்து தொடங்குகின்றன. 2011இல் அவை அச்சில் வந்தன. மேடைப் பிரசங்கங்களில் வராத பையனை அங்கே பார்க்கலாம். சலிப்பு, பசி, தெள்ளுப்பூச்சி, ஆர்வம் ஆறிப்போன மக்கள் மீது எரிச்சல், ஊர்க் கடிதத்துக்கான ஏக்கம், வெளிப்படையான கோபம். சோறு போட்டவர்களையே அழுக்கானவர்கள், அசட்டையானவர்கள் என்று குறை சொல்கிற பக்கங்கள் உண்டு. படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. பதினேழு வயதில் தனியாக இருந்த பையன் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அந்தப் பேச்சு இவன் ஒருவனுடையது அல்ல, அன்றைய வெள்ளை ஊழியர்கள் பலரும் பேசியது என்பதையும் சேர்த்துத்தான்.

அந்த நாட்களில் கண்ட ஒரு கனவை 1918இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், அவர் சொன்னார். வழியில் ஒரு குளியலறையில் குளித்து, சுத்தமான உடை உடுத்தி, ஒரு பெரிய மாளிகைக்குள் போகிறான். தாமதமாக வந்தாய் என்கிறார் சுட்டுக் கொல்லப்பட்ட சிற்றப்பா ஜோசப் ஸ்மித். தாமதம்தான், ஆனால் சுத்தமாக வந்திருக்கிறேன் என்கிறான் பையன். உள்ளே அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார். அந்தக் கனவுதான் தன்னை ஆளாக்கியது என்றார். அதற்கு முன்னுரையாக, அப்போது உடுத்தத் துணியில்லாமல், நண்பர் ஒருவருமில்லாமல் இருந்தேன், ஏழ்மையிலும் இருளிலும் தாழ்ந்து கிடந்த அந்த மக்களின் நட்பைத் தவிர, என்கிற பொருளில் பேசினார். மானுஹீயை அம்மா என்று கட்டியணைத்தவர்தான் இதையும் சொன்னார். இரண்டும் அவருக்குள் கடைசிவரை ஒன்றாக இருந்தன.

1857 அக்டோபரில், 19 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, அவன் ஊர் திரும்பக் கப்பல் ஏறினான். அமெரிக்க ராணுவம் யூட்டாவை நோக்கி வந்துகொண்டிருந்ததால் சபை தன் ஊழியர்களைத் திருப்பி அழைத்திருந்தது.

இன்று மார்மன் ஊழியம் வேறு மாதிரி. 2012இல் ஆண்கள் 18 வயதில் போகலாம், பெண்கள் 19இல் என்று வயதைக் குறைத்தார்கள். ஆணுக்கு இரண்டு வருடம், பெண்ணுக்கு ஒன்றரை வருடம். எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசலாம். செலவு பெரும்பாலும் இன்றும் குடும்பத்தினுடையதே. ஆனால் ஒரு சின்ன ஊரில் இருபது முப்பது பேர் கூடுகிற சபைக்குப் போகிற பிள்ளைக்கு, அங்கே ஒரு வீட்டில் யாராவது ஓர் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டால்தான் நாள் ஓடும். எத்தனையோ பேர் திரும்பி வந்து முதலில் பேசுவது அந்த வீட்டைப் பற்றித்தான்.

ஹவாய் மக்கள் பதிலுக்கு யூட்டா வந்தபோது என்ன நடந்தது? ஆலயங்கள் இருக்கும் நாட்டில் வாழ வேண்டும் என்ற ஆசையோடு சில குடும்பங்கள் சால்ட் லேக் நகரத்துக்கு வந்தன. அந்நகர வெள்ளையர்கள் அவர்களை ஒட்டவிடவில்லை. வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. 1889 ஆகஸ்ட் 28 அன்று சுமார் ஐம்பது பேர் தென்மேற்கே 120 கிலோமீட்டர் தள்ளி, ஸ்கல் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்கில் குடியேற்றப்பட்டார்கள். கபாலப் பள்ளத்தாக்கு என்று தமிழில் சொன்னால் பொருத்தமாக இருக்கும். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு உப்புப்பாலை. ஆண்டில் ஒருநாள்கூடப் பனியைப் பார்க்காதவர்களுக்கு உறைபனி. 1896இல் அங்கேயும் தொழுநோய் வந்தது. அந்த ஊருக்கு வைத்த பெயர் இயோசெப்பா.

அந்த மண்ணிலும் அவர்கள் வாய்க்கால் வெட்டினார்கள், மரம் நட்டார்கள், ரோஜா வளர்த்தார்கள். இருநூறு பேருக்கு மேல் பெருகினார்கள். ஜோசப் அவர்களைப் பார்க்கப் போவார், அவர்கள் மொழியிலேயே பேசுவார். அவர்களுக்கு அதில் எவ்வளவு மகிழ்ச்சி என்பதை அங்கே இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் நகரத்திலேயே அவர்களுக்கு இடம் வாங்கித்தர அவருடைய சபையால் முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புல்குடிசையில் பாயைப் பகிர்ந்தவர்களுக்கு இந்த உபசாரம் போதாது.

1915 ஜூன் 1 அன்று அவர் ஒவாஹு தீவின் லாயியேயில் ஆலயத்துக்கு இடத்தை அர்ப்பணித்தார். ஹவாயிலேயே ஆலயம் வருகிறது என்றதும் இயோசெப்பாவின் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். 1917இல் குடியிருப்பு காலியானது. 1918 நவம்பரில் ஜோசப் இறந்தார். அடுத்த ஆண்டு ஆலயம் திறந்தது.

பாலைவனத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு கல்லறைத் தோட்டம். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், அமெரிக்காவின் நினைவு நாளையொட்டி, அங்கே புதைக்கப்பட்டவர்களின் சந்ததிகளும் மற்ற பாலினேசியர்களும் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். கல்லறைகளைச் சுத்தம் செய்து பூவைக்கிறார்கள், மண்ணில் குழிவெட்டிப் பன்றியைச் சுடுகிறார்கள், ஆட்டமும் பாட்டும் இரவுவரை நடக்கிறது. வழிப்போக்கர்கள் எட்டிப் பார்த்தாலும் இலை போட்டு உட்கார வைக்கிறார்களாம்.