வக்காலத்துக் கொடுத்தவர் யார்?

1945-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் உலக தேசங்களின் மகாநாடு கூடிற்று. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்துக்கு அஸ்திவாரமிட்ட அம்மகாநாட்டில் இந்தியாவுக்கும் ஆசனம் அளிக்கப்பட்டிருந்தது. அதில் அமர்ந்தவர்கள் ஸர் ஏ. ராமஸ்வாமி முதலியார், ஸர் பிரோஸ்கான் நூன், ஸர் வி. டி. கிருஷ்ணமாச்சாரி என்ற மூவர். முதலிருவரும் வைஸ்ராயின் நிர்வாக சபை அங்கத்தினர்கள். மூன்றாமவர் சமஸ்தானங்களின் சார்பில் சென்றவர். ஏறக்குறைய 40 கோடி ஜனங்களில் ஒருவரையும் கேளாமல் சர்க்காரே இம்மூவரையும் பொறுக்கி அனுப்பிற்று. ஜனங்கள் அனுப்பியிருக்கக் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டித் தலைவர்களோ, 1942 ஆகஸ்டு முதல் சிறைக்குள் இருந்தார்கள்.

வழக்கொன்றில் வாதியைச் சிறையில் அடைத்துவிட்டு, அவனுக்கு வக்கீலைப் பிரதிவாதியே அமர்த்தினால் அதை எந்த நியாயஸ்தலமாவது ஒப்புக்கொள்ளுமா? வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதல்ல கேள்வி. அவர் கையிலுள்ள வக்காலத்தில் கையெழுத்திட்டது யார் என்பதே கேள்வி. இந்த உபமானத்தை நாம் வேண்டுமென்றே சொல்லுகிறோம். ஏனெனில் ராமஸ்வாமி முதலியாரின் கெட்டிக்காரத்தனத்தை யாரும் மறுக்க முடியாது. ஸான்பிரான்ஸிஸ்கோவில் பொருளாதார, சமூக விஷயங்களை ஆராய்ந்த கமிட்டிக்கு அவர்தான் தலைமை வகித்தார். 1946-ல் பொருளாதார சமூக சபையின் முதல் தலைவராகவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு தமிழர் அப்பதவியை அடைந்தது குறித்து நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் 1945 ஜூன் 26-ந் தேதி சாஸனத்தில் அவர் இட்ட கையெழுத்து எந்த ஜனங்களின் கட்டளையால் இடப்பட்டது என்று கேட்டால், அவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

காந்தியடிகள் மகாநாடு கூடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். பிரிட்டிஷார் நியமிக்கும் இந்தியர்கள் இந்தியப் பிரதிநிதிகளாக வேஷமிடுவதைவிட, இந்தியாவுக்குப் பிரதிநிதியே இல்லாதிருப்பது மேல் என்பது அவருடைய கருத்து. ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் அந்நகரத்துக்கே சென்று, மண்டபத்துக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களுக்கு இந்திய ஜனங்களின் பெயரால் பேசும் பாத்தியதை இல்லையென்று உலகப் பத்திரிகைகளுக்கு எடுத்துரைத்தார்.

இது புதிதாக முளைத்த அநீதியன்று. 1919-ல் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் பிரிட்டிஷ் மந்திரியான மாண்டேகு; மற்றவர் பிகானீர் மகாராஜா. சர்வதேச சங்கத்துக்கு இந்தியாவிலிருந்து சென்ற தூதுக் கூட்டத்துக்கு 1929-ல்தான் முதல் முறையாக ஓர் இந்தியர், சென்னை மாகாணத்து ஸர் முகம்மது ஹபீபுல்லா, தலைமை வகித்தார். 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் டாக்டர் அன்ஸாரியையும் அழைக்க வேண்டுமென்று கேட்டார். வைஸ்ராய் இணங்கவில்லை. அங்குள்ளவர்கள் தேசம் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், சர்க்கார் தேர்ந்தெடுத்தவர்களே என்று லண்டனில் அவர் சொன்னது, அவ்வளவு பேர் நடுவே ஒருவருக்கும் இனிக்கவில்லை.

இவ்விஷயத்தில் தெளிவான விதி எழுதி வைத்த சர்வதேச ஸ்தாபனம் ஒன்று உண்டு. அது சர்வதேசத் தொழில் ஸ்தாபனம். அதன் மகாநாட்டுக்கு ஒவ்வொரு தேசமும் நான்கு பேரை அனுப்ப வேண்டும்: சர்க்காருக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளர்க்கு ஒருவர். பின்னிருவரைச் சர்க்கார் தன்னிஷ்டம்போல் அனுப்புவதற்கில்லை. தேசத்தில் மிகுந்த பிரதிநிதித்துவமுள்ள சங்கங்களின் சம்மதத்துடனேயே அவர்களை நியமிக்க வேண்டும். தவறினால், மூன்றில் இரு பங்கு வோட்டால் அப்பிரதிநிதியை மகாநாடு ஏற்க மறுக்கலாம். ஹேக் நகரின் சர்வதேச நீதிஸ்தலம் 1922-ல் முதன் முதலாக வழங்கிய அபிப்பிராயமே, ஹாலந்து தேசத்துத் தொழிலாளர் பிரதிநிதியின் நியமனத்தைப் பற்றியதுதான். மிகப் பெரிய சங்கத்தை விட்டு வேறு மூன்று சங்கங்களின் சம்மதத்துடன் நியமித்தது செல்லுமா என்று கேட்கப்பட்டது. செல்லும் என்று நீதிஸ்தலம் சொல்லிற்று. அம்முடிவில் சங்கங்களின் சம்மதமே அவசியமில்லையென்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் தொழில் மகாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பெயரால் ஸ்ரீ என். எம். ஜோஷியைச் சர்க்கார் தானாகவே நியமித்தது. அவர் உத்தமமான ஊழியர்தாம். ஆயினும் தம் பிரதிநிதியைத் தாமே அனுப்ப அகில இந்திய ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்ற உணர்ச்சி தொழிலாளரிடையே எழுந்தது. 1920 அக்டோபர் 31-ந் தேதி பம்பாயில் லாலா லஜபதி ராயின் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். 1926-ல் அதே லாலாஜி இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஜினீவாவுக்குச் சென்றார்.

ஜனத்தலைவர்கள் அனுப்பியவர் பேசினால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு 1946-ஆம் வருஷம் விடை சொல்லும். இடைக்கால சர்க்கார் ஏற்பட்டதும், முந்திய வருஷம் மண்டபத்துக்கு வெளியே நின்ற அதே விஜயலக்ஷ்மி பண்டிட், ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்குச் சென்ற இந்தியக் கூட்டத்தின் தலைவியானார். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறையை, ஜெனரல் ஸ்மட்ஸ் எதிரிலேயே, அவர் எடுத்து வாதித்தார். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கப்பலேறிய தமிழ்க் கூலிகளின் சந்ததியார் அக்குறைக்காரர்களில் ஏராளம். டிசம்பர் 8-ந் தேதி தீர்மானத்துக்குச் சாதகமாக 32 வோட்டுகளும் எதிராக 15 வோட்டுகளும் கிடைத்தன.

இவையெல்லாம் பழங்கதை, இப்பொழுது நம் சர்க்கார் நாமே தேர்ந்தெடுத்த சர்க்கார் என்று சிலர் கூறுவர். உண்மையே. சர்க்கார் தன் கொள்கையைச் சொல்லத் தன் மந்திரியையோ உத்தியோகஸ்தரையோ அனுப்பினால் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தேசம் முழுவதும் ஒருமனதாயிருக்கிறதென்று காட்ட எதிர்க்கட்சிக்காரரையும் அனுப்பும்போது, அவர் வேறொருவர் பெயராலும் பேசுகிறார். 1994-ல் ஜினீவாவில் மனித உரிமைக் கமிஷன் முன் காஷ்மீர் விஷயம் வந்தபோது, பிரதம மந்திரி நரஸிம்ம ராவ் லோக் சபையின் எதிர்க்கட்சித் தலைவரான வாஜ்பாயியை அனுப்பினார். வாஜ்பாயி தம் கட்சியே தலைவராகக் கொண்டவர். அவருடைய வக்காலத்தைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை.

2025 மே மாதத்தில் அந்நியத் தலைநகரங்களுக்கு ஏழு சர்வகட்சித் தூதுக் கூட்டங்கள் அனுப்பப்பட்டபோது அவ்வழி பின்பற்றப்படவில்லை. காங்கிரஸ் நான்கு பெயர்களைக் கொடுத்தது. அவற்றில் ஒன்றை மட்டும் ஏற்ற சர்க்கார், அக்கட்சியிலிருந்தே தனக்கு உகந்த வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டது. தேச விஷயத்தில் கட்சி பார்க்கலாமா, திறமையன்றோ முக்கியம் என்று சமாதானம் சொல்லப்பட்டது. சேர்க்கப்பட்டவர்கள் திறமைசாலிகளே. ஆனால் திறமையென்ற இதே சமாதானத்தைத்தான் டில்லியிலிருந்த பழைய அதிகாரி வர்க்கமும் நமக்குச் சொல்லிற்று. கட்சி பார்க்கலாகாதென்றால் சர்வகட்சி என்று பெயரிடுவானேன்?

திரிணமூல் காங்கிரஸும் தன்னைக் கேளாமல் தன் அங்கத்தினர் ஒருவரைச் சேர்த்ததை ஆட்சேபித்தது. அவர் விலகினார்; கட்சி சொன்ன அபிஷேக் பானர்ஜி அந்த இடத்தில் சேர்க்கப்பட்டார். அதனால் எந்தக் கப்பலும் கவிழவில்லை. தூதுக் கூட்டம் குறித்தபடி புறப்பட்டுச் சென்றது. ஒரு கட்சிக்குச் செய்ததை மற்றக் கட்சிக்கும் ஏன் செய்யவில்லை என்பதற்குச் சர்க்கார்தான் விடை கூற வேண்டும்.