வயலில் இறங்கிய பின் வரும் காய்ச்சல்

குடும்பச் சுமையைத் தனியே சுமக்கும் எத்தனையோ சகோதரிகள் நாற்று நடவும் களை பிடுங்கவும் நாட்கூலிக்குப் போகிறார்கள். ஒரு நாள் வேலை நின்றால் மறுநாள் அடுப்பெரிவது கஷ்டம். அதனால் காய்ச்சல் வந்தாலும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வயலுக்கே போகிறார்கள். அது எலிக்காய்ச்சலாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

2008 இல் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவாகினர். 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின் யாழ். மாவட்டத்தில் பலர் காய்ச்சலால் இறந்தபோது, காரணம் எலிக்காய்ச்சலே என ஆய்வில் தெரியவந்தது.

எலி மட்டுமல்ல, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இக்கிருமி இருக்கலாம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காற்புண், பித்தவெடிப்பு, கண், வாய் வழியாக உடலுக்குள் போகிறது. பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களிலும், சிலவேளை ஒரு மாதம் கழித்தும் காய்ச்சல் வரும்.

கடுங்காய்ச்சல், தலையிடி, பீளை இன்றிக் கண் சிவத்தல், தொட்டாலே நோகும் கெண்டைக்கால் என்பன ஆரம்ப அறிகுறிகள். பலருக்கு இத்துடன் மாறிவிடும். சிலருக்குக் காய்ச்சல் விட்டதுபோல் இருந்து திரும்பவும் வரும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை

* சிறுநீர் குறைதல் (சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது)
* கண், தோல் மஞ்சளாதல்
* மூச்சு வாங்குதல், இருமலில் இரத்தம் (நுரையீரலுள் இரத்தம் கசிகிறது)
* நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் (இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கலாம்)
* கழுத்து விறைப்பு, தடுமாற்றமான பேச்சு (மூளையைச் சுற்றிய சவ்வு பாதிக்கப்பட்டிருக்கலாம்)

கண் மஞ்சளாகவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. மஞ்சள் தெரியாமலே நுரையீரலில் இரத்தம் கசிந்து, சில மணித்தியாலங்களில் நிலைமை மோசமாகலாம். மஞ்சளானாலோ, செங்கமாரி என்று எண்ணி மூலிகை தேடி நாளைக் கடத்தவும் கூடாது.

முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனையில் இந்நோய் பிடிபடாமல் போகலாம். எனவே வைத்தியர்கள் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கு வருவது நீங்கள் சொல்லும் தகவலால்தான். “வயலில் இறங்கினேன்”, “வெள்ளத்தில் நடந்தேன்”, “மாட்டுப்பட்டி கழுவினேன்” என்று கேட்காமலே சொல்லுங்கள். நோவுக்கென டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும்.

விதைப்புக்கு முன்னரே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். வயல் வேலை செய்வோருக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தெரிவித்து ஆலோசனை பெறவேண்டும். மாத்திரை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும்.

கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால், அவள் பிள்ளைகளை ஒரு பொழுது பார்த்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள். ஒரு நாள் கூலியைப் பிறகு உழைக்கலாம். பிள்ளைகளுக்கோ தாய் ஒருத்திதான்.