கேரம் மேசையின் ஆட்டக்காரர்கள் – 11: மசாகோ கட்சுரா

மசாகோ கட்சுரா 1913 மார்ச் 7 அன்று டோக்கியோவில் பிறந்தார். சிறுவயதில் தந்தையை இழந்து, அக்காள் வீட்டில் வளர்ந்தார். அக்காளின் கணவர் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்திவந்தார். 14 வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த கட்சுராவுக்கு அவரே முதல் ஆசான். அடுத்த ஆண்டே நாட்டின் மகளிர் சாம்பியன் பட்டம் கிடைத்தது. பின்னர், ஜப்பானின் தலைசிறந்த வீரரான கின்ரே மட்சுயாமா அவரைத் தன் மாணவியாக ஏற்றுக்கொண்டார்.

மட்சுயாமா கற்றுத்தந்தது மூன்று குஷன் ஆட்டம். இதன் மேசையில் குழிகள் கிடையாது, பந்துகளும் மூன்றே. ஆட்டக்காரரின் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொட வேண்டும். இரண்டாவதைத் தொடும் முன் மேசையின் விளிம்புகளில், அதாவது குஷன்களில், மூன்று முறையாவது மோதியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு புள்ளி. கை பலத்தைவிட கோணக் கணக்கே இதில் பெரிது. ஐந்தடி உயரமே கொண்ட கட்சுரா, ஆண்கள் ஆடிய தேசியப் போட்டியில் மூன்று முறை இரண்டாமிடம் பெற்றதில் வியப்பில்லை. குஷன் நிபந்தனை இல்லாத எளிய வகை ஆட்டத்தில், ஒரு காட்சி ஆட்டத்தின்போது தவறே செய்யாமல் 10,000 புள்ளிகள் எடுத்தார்.

1950-இல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த வெர்னான் கிரீன்லீஃபை மணந்தார். 1951 இறுதியில் இருவரும் அமெரிக்கா சென்றனர். ஓய்வுபெற்ற உலகச் சாம்பியன் வெல்கர் காக்ரன், ஜப்பானில் பணியாற்றிய தன் மகன் மூலம் கட்சுராவின் திறமையை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். நேரில் ஆடவைத்துப் பார்த்த பிறகு, சான் பிரான்சிஸ்கோவில் தன் கூடத்தில் நடக்கவிருந்த உலகப் போட்டியில் சேர்த்துக்கொண்டார். இப்படி 1952 மார்ச்சில், பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்துக்கு ஆடிய முதல் பெண் ஆனார் கட்சுரா. பத்துப் பேர் ஆடிய அப்போட்டியில் அவருக்கு 7-ஆம் இடம். வென்றவர் வில்லி ஹோப். அவருடைய நீண்ட வாழ்க்கையின் கடைசிப் பட்டம் அது.

ஏழாமிடம் என்பதைக் குறைவாக எடைபோடக் கூடாது. வாழ்நாள் முழுவதும் இதையே தொழிலாகக் கொண்ட ஆண்களுக்கு நடுவே, எந்தச் சலுகையும் இல்லாமல் பெற்ற இடம் அது. அடுத்த ஆண்டு சிகாகோவில் 5-ஆம் இடத்துக்கு முன்னேறினார். 1954-இல் புவெனஸ் ஐரிஸில் 4-ஆம் இடம். மூன்றே போட்டிகளில் இவ்வளவு ஏற்றம் கண்டவருக்கு இன்னும் சில போட்டிகள் அமைந்திருந்தால் பட்டமும் எட்டியிருக்கக்கூடும். ஆனால் அமெரிக்காவில் மூன்று குஷன் ஆட்டத்தின் மவுசு குறைந்துகொண்டே வந்தது. காட்சி ஆட்டங்களும் தொலைக்காட்சித் தோற்றங்களும்தான் மிஞ்சின. 1961-இல் உலகச் சாம்பியன் ஹரால்ட் வொர்ஸ்டுடன் பட்டத்துக்கு மோதித் தோற்றார்; அதன்பின் பொதுமேடையிலிருந்து விலகிக்கொண்டார்.

1976-இல் சான் பிரான்சிஸ்கோ கூடம் ஒன்றில் எதிர்பாராமல் தோன்றி, இரவல் கியூ கோலால் தவறே இல்லாமல் 100 புள்ளிகள் எடுத்தார். 1990 வாக்கில் ஜப்பான் திரும்பிய அவர் 1995 டிசம்பர் 20 அன்று காலமானார். 2002-இல் ஜப்பானில் அவர் நினைவாக மகளிருக்கான மூன்று குஷன் போட்டி நடத்தப்பட்டது.