பெட்டி போகும் இடத்துக்கு நாங்களும் போவதா?

குவைத்தில் இரண்டு வருடங்கள் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய தென்மராட்சிச் சகோதரி ஒருவர், கட்டுநாயக்க விமான நிலையத்தில் தனக்கு நடந்ததை அண்மையில் சொல்லிக் கொண்டிருந்தார். கணவரை 2009இல் வன்னியில் இழந்தவர். மூன்று பிள்ளைகள். விமானம் வந்து இறங்கியது அதிகாலை இரண்டரை மணிக்கு. கையில் ஒரு தோள்பை, தள்ளுவண்டியில் கயிறு சுற்றிக் கட்டிய இரண்டு பெரிய பெட்டிகள். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குக் குறையாது. போர்வை, பால்மா, பிள்ளைகளுக்கு உடுப்பு, மாமியாருக்கு ஒரு சுவர்க் கடிகாரம்.

வாசலைத் தாண்டிய உடனேயே ஒருவர் வந்து தள்ளுவண்டியின் கைபிடியைப் பிடித்துக் கொண்டாராம். "அக்கா, யாழ்ப்பாணமோ? வாங்கோ, வான் வெளிக்கிடப் போகுது." தமிழ்க்குரலைக் கேட்டதும் இவருக்கு ஒரு ஆறுதல். கூலி என்ன என்று கேட்க வாயெடுப்பதற்குள் வண்டி பத்து யார் போய்விட்டது. "பெட்டியை விட்டிட்டு நான் எங்கை போறது? பெட்டிக்குப் பின்னாலை ஓடினன்" என்றார். வான் விடியும்வரை வெளிக்கிடவில்லை. ஆட்கள் நிரம்ப வேண்டுமாம். வவுனியா தாண்டியதும், பேசிய காசு ஆளுக்கு மட்டும்தான், பெட்டிகளுக்கு வேறு என்றார்கள். நடுவழியில் என்ன செய்வது? மகளின் ரியூஷன் காசென்று முடிந்து வைத்திருந்த தினார் நோட்டுகள் அங்கேயே போயின.

வானை அவர் தெரிவு செய்யவில்லை. பெட்டி போன இடத்துக்குத் தானும் போனார். தனியாகப் பிரயாணம் செய்யும் எங்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான். பாரம் எங்கள் கைக்கு மிஞ்சிவிட்டால், அதைத் தூக்க வருபவரே எங்கே போவது, எதில் போவது, எவ்வளவு கொடுப்பது எல்லாவற்றையும் தீர்மானித்து விடுகிறார். ஆகவே எந்த வாகனம் என்ற கேள்வி கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை. பெட்டி கட்டும் அறையிலேயே தொடங்கி விடுகிறது.

பாரத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லைதான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்கள், எதைத் தூக்கலாம் எதைத் தூக்க முடியாது என்பதை ஓர் இரவிலேயே அறிந்து கொண்டார்கள். 2002இல் ஏ-9 வீதி திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்படும்வரை, ஓமந்தையிலும் முகமாலையிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, பொதிகளைத் தூக்கிக் கொண்டு வரிசையில் நின்று, திறந்து காட்டி, மறுபடி கட்டிக் கொண்டு ஏறிய நினைவு பலருக்கு இருக்கும். அந்த வரிசையில் என் முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா மூன்று சின்னப் பைகள் மட்டும் வைத்திருந்தா. "ஒரு பெரிசு எண்டால் ஆரையும் கெஞ்ச வேணும் பிள்ளை. மூண்டு சின்னன் எண்டால் நானே மூண்டு தரம் நடப்பன்" என்றா. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும்போது அந்தக் கணக்கு எங்களுக்கு மறந்து போகிறது. பாசம் பெட்டியைப் பெரிதாக்கி விடுகிறது!

பெரும்பாலான விமான நிறுவனங்கள் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பொதியை ஏற்பதில்லை. ஏற்றும் இறக்கும் தொழிலாளியின் முதுகைக் கருதி வைத்த எல்லை அது. விமான நிலையத்து ஆண் தொழிலாளிக்கே அதுதான் எல்லை என்றால், எங்கள் முதுகுக்கு எது எல்லை? உங்களால் ஒரு கையால் தூக்கி மூன்று படி ஏற முடியாத பெட்டியைக் கட்டாதீர்கள். உங்கள் ரிக்கற்றில் எத்தனை பொதிகள், மொத்தம் எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இடமிருந்தால் 30 கிலோப் பெட்டி ஒன்றுக்குப் பதிலாக 15 கிலோப் பைகள் இரண்டாகக் கட்டலாம். சில்லுப் பூட்டிய பை என்றால் இன்னும் நல்லது. பாஸ்போட், காசு, நகை, மருந்து, கைத்தொலைபேசி, ஒரு மாற்றுடுப்பு ஆகியவை தோள்பையில் இருக்க வேண்டும். பெட்டி ஒரு வாகனத்திலும் நீங்கள் இன்னொன்றிலும் போக நேர்ந்தாலும் அதைக்கொண்டு சமாளிப்பீர்கள்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். ஷெல் பட்டுக் காலிலோ கையிலோ பலமில்லாதவர்கள், செயற்கைக் காலுடன் நடப்பவர்கள் எங்களில் பலர். ரிக்கற் பதியும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று கேட்டுக் கொண்டால், விமான நிறுவனம் அதைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஒழுங்கு செய்து தரும். உதவிக்கு வருபவர் குடிவரவு, பொதி எடுக்கும் இடம் எல்லாவற்றையும் தாண்டி உங்களை வெளியே கொண்டுவந்து விடுவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாத ஒருவர் தள்ளுவண்டியைப் பறிக்கும் நேரத்தில் சீருடை போட்ட ஒருவர் பக்கத்தில் நிற்பது பெரிய பாதுகாப்பு. உடம்புக்குள் ஷெல் துண்டு இருப்பவர்கள் வைத்தியசாலைத் துண்டின் பிரதி ஒன்றையும் வைத்திருங்கள். சோதனை வாசலில் மணி அடித்தால் விளக்கம் சொல்லச் சுலபமாக இருக்கும்.

சரி, கட்டுநாயக்காவில் இறங்கியாயிற்று. எதில் போவது?

எங்கள் வழக்கம் ஊரிலிருந்து வான் பிடித்துக் கொண்டு எல்லோரும் கூப்பிடப் போவது. பார்க்க ஆசையான காட்சிதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவிரவாக ஓடி வந்த சாரதி, ஒரு மணித்தியாலமும் படுக்காமல் அதே 400 கிலோமீற்றரைத் திரும்ப ஓடுகிறார். ஏ-9 வீதியில் நித்திரை தூங்கி நடந்த விபத்துகளைப் பற்றி நாங்கள் எத்தனை தடவை பத்திரிகையில் வாசித்திருக்கிறோம். செலவும் சொல்லி மாளாது. 2022 எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு வான் கூலி முன்பு போல் இல்லை. வரவேற்க வந்த எட்டுப் பேரின் தேத்தண்ணியும் சாப்பாடும் வந்திறங்கியவர் தலையில்தான். வான்தான் வேண்டுமென்றால் நம்பிக்கையான ஒருவர் மட்டும் வரட்டும். சாரதி முதல்நாள் மாலையே வந்து நீர்கொழும்புப் பக்கம் படுத்து எழும்பட்டும். அல்லது மாறி ஓட இன்னொருவரும் வரட்டும். அதே நாளில் ஊருக்கு வரும் இன்னொரு குடும்பம் இருந்தால் செலவைப் பங்கிடலாம்.

வான் இல்லையென்றால், வெளி வாசலைத் தாண்டுவதற்கு முன்னரேயே உங்கள் தெரிவை முடித்து விடுங்கள். வருகை மண்டபத்துக்குள்ளேயே டக்சி கருமபீடங்கள் இருக்கின்றன. போகும் இடத்தைச் சொன்னால் கட்டணத்தைச் சொல்லுவார்கள், துண்டு தருவார்கள். சந்தையில் மீன் வாங்குவது போலப் பேரம் பேச முடியாதுதான். வெளியே ஒருவர் குறைத்துச் சொல்லவும் கூடும். ஆனால் பாரத்துடன் தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்தத் துண்டுக்கு ஒரு பெறுமதி உண்டு. யார் ஏற்றிச் சென்றார் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. வாகன இலக்கத்தைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். அனுப்புவதைச் சாரதி காணும்படி அனுப்புங்கள். பிக்மீ, ஊபர் போன்ற செயலிகள் கொழும்பில் 2015 முதல் இருக்கின்றன. அவற்றிலும் சாரதியின் பெயரும் வாகன இலக்கமும் முன்கூட்டியே தெரியும். ஆனால் இணையத் தொடர்புள்ள உள்ளூர் சிம் வேண்டும். கார் சிறியதாக இருந்தால் இரண்டு பெட்டிகள் பிடிக்காது என்பதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

187ஆம் இலக்க பஸ் கோட்டைக்குப் போகிறது. மிகவும் மலிவு. ஒரு பையுடன் வருபவர் தாராளமாக அதில் போகலாம். இரண்டு பெட்டிகள் என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை. புறக்கோட்டை நெரிசலில் இறங்கி, ஒன்றைத் தூக்கும்போது மற்றதைப் பார்க்க ஆளில்லாமல் நிற்க நேரும்.

உண்மையில் யாழ்ப்பாணம் போகிறவர் கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா? கொழும்பு தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். எங்கள் ஊரோ வடக்கே. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் மாலையில் வெளிக்கிடும் யாழ்ப்பாண பஸ்கள் பல, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகத்தான் மேலே வருகின்றன. தொலைபேசியில் ஆசனம் பதியும்போதே, "நான் நீர்கொழும்பு வீதியிலை நிப்பன், எந்த இடத்திலை ஏத்துவியள்?" என்று கேளுங்கள். பக்கத்து ஆசனத்தில் பெண் ஒருவரைப் போடும்படியும், இரண்டு பொதிகள் இருப்பதாகவும் அப்போதே சொல்லிவிடுங்கள். டிக்கியில் வைக்கும் பைக்கு ஒரு நிறத் துணி கட்டி, மற்றவர்கள் இறங்கும் இடங்களில் யன்னலால் ஒரு கண் வைத்துக் கொள்ளுங்கள்.

ஆனால் விமானம் விடியப்புறம் வருகிறது, பஸ் இரவில்தான். இடையில் ஒரு முழுப்பகல் இருக்கிறது. முதலாவது, இருட்டில் வெளியே வரவேண்டாம். விடியும்வரை மண்டபத்துக்குள்ளேயே சனம் இருக்கும் இடமாகப் பார்த்து இருங்கள். அதற்குப் பிறகு எங்கே தங்குவது? எங்கள் கால் தானாக வெள்ளவத்தைக்கு இழுக்கும். தமிழ் பேசலாம், இடியப்பமும் சொதியும் கிடைக்கும். அதே நேரம் லொட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும் பெண்களும் எங்களிடையே இருக்கிறார்கள். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்கியது. ஆனாலும் நள்ளிரவில் கதவு தட்டிய சத்தத்தை நீதிமன்றக் கட்டளை அழித்துவிடாது. அந்த நினைவு உள்ளவர்கள் தங்களைத் தாங்களே பயந்தாங்கொள்ளி என்று ஏசிக் கொள்ள வேண்டாம். சொந்தக்காரர் வீடு இல்லையென்றால், விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றரில் உள்ள நீர்கொழும்பில் தங்குவதே பாரத்துக்கும் பஸ்ஸுக்கும் வசதி. முன்கூட்டியே எடுத்துப் பேசி, விடுதி தன் வாகனத்தை அனுப்புமா, அதன் கூலி எவ்வளவு, அறை எத்தனையாம் மாடியில், லிப்ற் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் ஒருமுறை கேட்காமல் விட்டு, மூன்றாம் மாடிக்குப் பெட்டி தூக்கிய பையனுக்கு அறை வாடகையில் கால்வாசி கொடுத்தேன்.

வேலை செய்த இடத்தில் துன்பப்பட்டுக் கையில் காசில்லாமல் திரும்பி வருபவர்கள், விமான நிலையத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கருமபீடத்துக்குப் போங்கள். கட்டுநாயக்காவில் பணியகத்தின் 'சஹன பியச' என்ற தங்குமிடம் இருக்கிறது. பணியகத்தின் தொலைபேசி 1989, பெண்கள் உதவிச் சேவை 1938, பொலிஸ் 119. கைத்தொலைபேசி பறிபோனாலும் பார்க்கக்கூடியதாக இவற்றை ஒரு கடதாசியில் எழுதித் தோள்பைக்குள் வையுங்கள்.

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு இப்போது கட்டுநாயக்க அலைச்சல் குறைந்திருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது; 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12இல் மறுபடி ஆரம்பித்தது. இந்த வழியில் ஓடுவது சிறிய விமானம் என்பதால் பொதி நிறையை முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். பலாலியில் இறங்குபவர் ஊர் ஓட்டோக்காரரையே வரச் சொல்லலாம். எந்த வாசலில் நிற்பார் என்பதைப் பேசி வையுங்கள்.

சென்னையில் இறங்கும் எங்கள் பெண்கள் இன்றும் ஒரு பிழை விடுகிறார்கள். முன்பு போய் வந்த அக்கா சொன்னதை நம்பி, திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் எடுக்க "கோயம்பேடு போங்கோ" என்று டக்சிக்காரரிடம் சொல்கிறார்கள். அவரும் கொண்டுபோய் இறக்கி விடுவார். ஆனால் தெற்கே போகும் அரசு பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. அது விமான நிலையத்திலிருந்து எதிர்த்திசையில் இருக்கிறது. பெட்டிகளுடன் கோயம்பேட்டில் நின்று விசாரித்தபின், வந்த வழியே திரும்ப வேண்டும். ஆகவே உள்ளேயுள்ள முன்கட்டண டக்சிப் பீடத்தில் "கிளாம்பாக்கம்" என்றே கேளுங்கள்.

தென்மராட்சிச் சகோதரி மறுபடி இரண்டு வருடங்கள் போய், சென்ற மாதம் திரும்பி வந்தார். இந்தமுறை சில்லுப் பூட்டிய இரண்டு பைகள், இரண்டிலும் சிவப்புத் துணி. சுவர்க் கடிகாரம் எதுவும் இல்லை. விடியும்வரை மண்டபத்துக்குள் இருந்து, டக்சித் துண்டு எடுத்து, நீர்கொழும்பில் குளித்து நித்திரை கொண்டு, இரவு பஸ் ஏறினார். வாசலில் இந்தமுறையும் ஒருவர் கைபிடியைப் பிடிக்க வந்தாராம். "வேண்டாம் தம்பி, என்னட்டைத் துண்டு இருக்கு" என்று வண்டியைத் தானே தள்ளிக் கொண்டு போனாராம். விடியக் கொடிகாமச் சந்தியில் மகன் சைக்கிளுடன் நின்றான். ஒரு பை கரியரில், மற்றது தாயின் கையில். இருவரும் கதைத்துக் கொண்டே நடந்து வீட்டுக்குப் போனார்கள்.