கையெழுத்தும் கடதாசியும்

கடந்த வருடம் தரம் 10 வகுப்பில் வரலாற்று மூலாதாரங்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "வீட்டில் பழைய கடதாசி ஏதும் இருந்தால் உம்மாவிடம் கேட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி காணி உறுதியொன்றைக் கொண்டுவந்தாள். மடிப்புகளில் கிழிந்து, மஞ்சளாகிப் போயிருந்தது. ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட முத்திரை ஒன்று. கீழே விற்றவரின் பெருவிரல் அடையாளம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, நொத்தாரிசின் கையெழுத்து. சாட்சிகளில் ஒருவர் தம் பெயரை அரபு எழுத்தில் போட்டிருந்தார்.

"டீச்சர், முத்திரையையும் இந்தக் கையெழுத்தையும் வெட்டி எடுத்தா வெளிநாட்டில காசு கிடைக்குமாம். கட்டார்ல இருக்கிற மாமா சொன்னார். காணி காடாப் போச்சுதானே, உறுதி இனி எதுக்கு?"

வெட்டாதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று விளங்கப்படுத்த இரண்டு பாடவேளை போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசித்தால் நல்லது. ஏனெனில் அலுமாரிச் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது.

மாமா சொன்னதில் உண்மை இருக்கிறது. பழைய கையெழுத்துகளைச் சேர்ப்பது அமெரிக்காவில் 200 வருடப் பழக்கம். 1776இல் அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தில் 56 பேர் கையொப்பமிட்டார்கள். அந்த 56 பேரின் கையெழுத்தையும் ஒருசேரச் சேர்த்துவிட வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் பெரிய ஆசை. அந்த வரிசையில் மிகவும் அரிதானது ஜோர்ஜியாவைச் சேர்ந்த பட்டன் குவின்னெட் என்பவருடையது. அவர் பெரிய தலைவர் அல்லர். 1777இலேயே ஒரு துப்பாக்கிச் சண்டையில் காயப்பட்டு இறந்துபோனதால் அவர் எழுதி வைத்தவை மிகக் குறைவு, அவ்வளவுதான். அவர் கையெழுத்துள்ள கடன் சீட்டுக்குக்கூட ஒரு வீட்டின் விலை கொடுக்க ஆள் இருக்கிறது.

இந்த ஆசைக்குப் பலியான கடதாசிகளும் உண்டு. முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது பேசுவதற்காக முதலில் நீண்டதொரு உரை தயாராகியிருந்தது. அதை அவர் பேசவில்லை. ஆனால் அவர் கையாலேயே பிரதிசெய்த பக்கங்கள் வீட்டில் இருந்தன. பின்னர் அவருடைய கடிதங்களைப் பதிப்பிக்க வந்தவர் ஜேரட் ஸ்பார்க்ஸ். சாதாரண ஆள் அல்ல. பிற்காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். பேசப்படாத உரைதானே என்று எண்ணி, வாஷிங்டனின் கையெழுத்து கேட்டு வந்த நண்பர்களுக்கு அந்தப் பக்கங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டார். துண்டு கிடைத்தவர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இன்று ஆய்வாளர்கள் அந்தத் துண்டுகளைத் தேடிப்பிடித்து, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று பொருத்திப் பார்க்கிறார்கள். முழு உரை கிடைக்கவேயில்லை.

நியூயோர்க் மாநிலத்தின் அல்பனியில் மதகுருவாக இருந்த வில்லியம் ஸ்பிராக் வேறொரு விதமாக நடந்தார். வாஷிங்டன் குடும்பத்தாரிடம் கேட்டு அவர் ஏறக்குறைய 1,500 கடிதங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பிரதி எழுதி வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மூலம் போனாலும் விடயமாவது அங்கே மிஞ்சியது. இருவரில் இவர் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

இப்போது நன்றாகத் தேறிய சேகரிப்பாளர்கள் வெட்டிய கையெழுத்தை விரும்புவதில்லை. முழுவதும் அவர் கையாலேயே எழுதி, கீழே ஒப்பமிட்ட கடிதத்துக்கே முதலிடம். அதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதன் பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி: இது யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து யாரிடம் போனது, உன் கைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குக் காரணம் கள்ளக் கையெழுத்துதான். 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் ரொபர்ட் ஸ்பிரிங் என்றொருவர் பழைய கடதாசி தேடியெடுத்து, அதிலே வாஷிங்டன் எழுதியதுபோல எழுதி விற்றே பிழைத்தார். பழைய தாளும் பழைய மையும் யாருக்கும் கிடைக்கலாம். கைமாறி வந்த கதையைக் கள்ளமாக உண்டாக்குவது அவ்வளவு இலகுவல்ல.

அமெரிக்கா நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையும் தொடங்கினார்கள். அவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களையும் அறிக்கைகளையும் பொஸ்டனிலிருந்த தலைமையகம் வெட்டாமல், கலைக்காமல் வைத்திருந்தது. இப்போது அவை ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 200 வருடத்துக்கு முந்திய யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுபவர்கள் அங்கே போய் வாசிக்கிறார்கள். நம் வன்னிக்கோ, 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைநூலைத்தான் எல்லோரும் புரட்டுகிறோம். அது ஓர் அரசாங்க அதிகாரி எழுதியது. அதிகாரியின் மேசைக்கு வராத விடயங்கள் அதில் இருக்க நியாயமில்லை. அவை நம் வீட்டுப் பைகளில்தான் இருந்தன.

பை என்று சொன்னதும் 1990 ஒக்டோபர் நினைவுக்கு வரும். வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகமானோர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். கையில் எடுக்க முடிந்தது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் எல்லோராலும் கடைசிவரை கொண்டுபோக முடியவில்லை. எங்கள் மாணவியின் உம்மம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதுக்குக் கிட்ட. முல்லைத்தீவிலிருந்து புத்தளம் வரை அவர் கொண்டுபோன சீலைப் பையில் இரண்டு உடுப்பு, இந்த உறுதி, கூப்பன் புத்தகம் ஒன்று, ஒரு கொப்பி. இருபது வருடம் ஓலைக்கொட்டிலில் இருந்து, பிறகு திரும்பி வந்தது. அந்தக் கொப்பிக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் உறுதி. 1840இல் வந்த மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் பிறகு, நம் நாட்டில் காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரேவேளையில் முன்னிலையில் இருந்து ஒப்பமிட வேண்டும். மூலம் காணிக்காரருக்கு. இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். மற்றொன்று நொத்தாரிசிடம் இருக்கும். ஆகவே மூலத்தைத் தொலைத்தவர்களும் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது இலகு. இவை மூன்றும் உறுதியின் கடைசிப் பக்கத்தில், அந்தப் பிள்ளை வெட்ட நினைத்த இடத்திலும் அதற்கு அருகிலும்தான் இருந்தன! காணி காடாகியிருக்கலாம், எல்லை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தக் குடும்பத்திடம் இதைவிட வேறொன்றும் இல்லை. உறுதியில்லாமல் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் காணி பெற்றவர்கள் பிரதேச செயலகப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

கடதாசியைப் பேணுவது பற்றி நான் உபதேசம் செய்ய முன் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். என் மூத்தவாப்பா எழுதிய கடிதமொன்றைப் பாதுகாக்கிறேன் என்று ஒரு கடையில் கொடுத்து லேமினேற் செய்தேன். சூட்டில் பிளாஸ்ரிக் உருகிக் கடதாசியோடு ஒட்டிவிட்டது. உள்ளே கடதாசி கபிலமாகிக்கொண்டே போகிறது. இனிப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே லேமினேற் வேண்டாம். செலோ ரேப்பும் வேண்டாம். அதன் பசை சில வருடத்தில் மஞ்சள் கறையாக இறங்கும். கிளிப், ஸ்ரேப்லர் ஊசி துருப்பிடிக்கும், றப்பர் பட்டி உருகி ஒட்டும். மடித்ததை மெதுவாக விரித்து, சுத்தமான வெள்ளைத்தாள் உறையில் தட்டையாக வையுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டாம்; அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். நம் ஊரில் முதல் எதிரி கறையான். பெட்டியை நிலத்திலும் சுவரோடும் வைக்காமல், உயரத்தில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து பாருங்கள்.

பிறகு பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். வேறொரு தாளில், யாருடையது, யார் வைத்திருந்தார், எந்த வருடம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று உம்மம்மா சொல்லச்சொல்ல எழுதி அந்த உறையிலேயே போடுங்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் பணம் கொடுத்துத் தேடும் அந்தக் கதை நமக்குச் சும்மா கிடைக்கிறது, சொல்பவர் உயிரோடு இருக்கும்வரை.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைப்பதன் ஆபத்து நமக்குத் தெரிந்ததுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் ஸ்கேன் செய்து யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. வீட்டில் பழைய மலர், கலியாண அழைப்பிதழ், பள்ளிவாசல் நோட்டீஸ் இருந்தால் பிரதிக்குக் கொடுக்கலாம். மூலம் உங்களிடமே இருக்கட்டும். உறுதி, காவின் பதிவு, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

இனி அந்தக் கொப்பி. அரபு எழுத்தாக இருந்ததால் ஓதுகிற கிதாபு என்று எண்ணி, வீட்டார் அதை அலுமாரிக்கு மேலே மரியாதையாக வைத்திருந்தார்கள். திறந்தவர் இல்லை. நான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்; வந்தது தமிழ். அரபுத் தமிழ்! தமிழ் எழுத்துப் படிக்க வாய்ப்பில்லாத நம் முன்னோர் பெண்கள் பலர், குர்ஆன் ஓதப் பழகிய எழுத்திலேயே தமிழை எழுதினார்கள், வாசித்தார்கள். ப, ட, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஒரு வயதான மௌலவியிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார்: யார் யாருக்கு எத்தனை மரைக்கால் நெல் கடன் கொடுத்தது, எந்தப் பசு கன்று போட்டது. நாலாம் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாட்கள். ஹிஜ்ரி 1359, ரமழான் மாதம், ஒரு பெண் குழந்தை.

அது அந்த உம்மம்மாதான். கணக்குப் பார்த்தால் 1940 ஒக்டோபர். அவருடைய அடையாள அட்டையில் 1943 என்று இருக்கிறது. புத்தளத்தில் யாரோ உத்தேசமாகப் போட்டது. நாங்கள் போய்ச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அப்ப மூணு வயசு எனக்குச் சும்மா குடுத்திருக்காங்க" என்றார். பிறகு கொப்பியை வாங்கி, எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது எங்கட உம்மாட எழுத்து" என்றார். அவருக்கும் அந்த எழுத்துத் தெரியும். கண் தெரியாமல் போனதால் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

முத்திரை உறுதியிலேயே இருக்கிறது. கொப்பியை முழுவதும் படமெடுத்தாயிற்று. பதினோராம் பக்கத்திலிருந்து மை மங்கியிருப்பதால் இன்னும் வாசிக்கவில்லை. தவணை விடுமுறையில், வெயில் நேரம் பார்த்துக் கொண்டுவரும்படி மௌலவி சொல்லியிருக்கிறார்.