கிராதித் தூணும் உருக்கு வளையும்

உருக்கினாற் கட்டப்படும் ஆலைகளிலும் களஞ்சியங்களிலும் உயர்ந்த நடைமேடைகளின் ஓரத்திற் காப்புக் கிராதி அமைப்பது வழக்கம். பார்ப்போர் மேற்கம்பியின் பருமனைக் கொண்டே அதன் உறுதியை மதிப்பிடுவர். உறுதி தங்கியிருப்பதோ மேலேயன்று. தூண் வளையோடு பொருந்தும் அடியிலேயாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிற்பாதுகாப்பு விதிகளின்படி, மேற்கம்பி தளத்திலிருந்து ஏறக்குறைய 42 அங்குல உயரத்தில் இருத்தல் வேண்டும். வெளிநோக்கித் தள்ளும் 200 இறாத்தல் விசையைத் தாங்கவும் வேண்டும். 200 இறாத்தல் பெரிய விசையன்று. ஆயின் தூண் ஒரு நெம்புகோல் என்பதை மறத்தலாகாது. 200ஐ 42ஆற் பெருக்கினால், அடியில் 8,400 இறாத்தல்-அங்குலத் திருப்பம் விளைகின்றது. அடித்தகட்டை இறுக்கும் சுரையாணிகள், தகடு அழுந்தும் விளிம்பிலிருந்து 4 அங்குலம் விலகியிருப்பின் அவற்றின்மேல் விழும் மொத்த இழுவை 2,100 இறாத்தல்; 2 அங்குலமே விலகியிருப்பின் 4,200 இறாத்தல். தகட்டை ஒடுக்கிச் சிக்கனம் தேடுவோர் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்த்தல் நன்று.

சுரையாணி அறாமல் நின்றாலும் ஆபத்து நீங்கிவிடாது. அத்திருப்பம் வளைக்குட் புகுந்து அதனை முறுக்க முற்படும். ஓரத்து வளை பெரும்பாலும் 'ப' என்னும் எழுத்தைப் பக்கவாட்டிற் சாய்த்தாற் போன்ற வடிவினது. மேலிருந்து வரும் பாரத்தைச் சுமப்பதில் அது வல்லது. முறுக்கைத் தாங்குவதிலோ மிக மெலியது. காகித அட்டையாலான குழாயொன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பார்க்க, எளிதில் இணங்காது. அதனையே நெடுக்காகக் கீறிவிட்டு முறுக்கினால் உடனே நெகிழ்ந்து கொடுக்கும். ஆரை தடிப்பின் பத்து மடங்காயுள்ள குழாயிற் கீறலுக்கு முன்னிருந்த முறுக்கு விறைப்பு, பின்னிருப்பதிலும் ஏறத்தாழ 300 மடங்காகும். திறந்த வடிவினதாகிய வளை கீறிய குழாயை ஒத்தது. ஆகவே, எதுவும் முறியாமலே தூண் வெளிப்புறம் சாய்ந்துவிடல் கூடும். வளையின் மெல்லிய நடுத்தகட்டிற் பக்கவாட்டாகத் தூணைப் பொருத்தினால் அத்தகடும் உடன் வளையும்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. உள்ளிருந்து வரும் குறுக்குவளை சேருமிடத்துக்கு நேரே தூணை நிறுத்தினால், திருப்பத்தை அக்குறுக்குவளை ஏற்றுக்கொள்ளும். அது இயலாதவிடத்து, வளையின் மேல், கீழ் விளிம்புகளுக்கிடையே விறைப்புத் தகடொன்றை வைத்து, கீழ்விளிம்பிலிருந்து அடுத்த உள்வளைக்கு ஒரு சாய்தாங்கியும் இடலாம்.

இவ்வளவு எளிய செயல் ஏன் தவறவிடப்படுகின்றது? வளையைக் கணிப்பவர் ஒருவர். கிராதியை ஆக்குபவர் பிறிதொருவர். முன்னவர் தளத்தின் பாரத்தை மட்டும் எண்ணுவார். பின்னவர் வளையை அசையாப் பாறையெனக் கொள்வார். 8,400 என்னும் அத்தொகை இருவர் ஏட்டிலும் ஏறாது போய்விடும். கிராதியிற் சாய்பவனோ இருவரையும் நம்பியே சாய்கின்றான்.

சுரையாணியின்றித் தூணை வளையோடு காய்ச்சியிணைப்பதும் உண்டு. பட்டறைகளில் இதனை வெல்டிங் என்பர். நாகம் பூசிய உருக்காயின் இணைக்குமிடத்துப் பூச்சை முதலில் அகற்றல் வேண்டும். அகற்றாவிடின் ஒட்டு நுண்டுளைபட்டு நலியும். நாகப்புகை தொழிலாளிக்குச் சுரத்தையும் விளைக்கும். வேலை முடிந்தபின் அவ்விடத்தை நாகம் செறிந்த வர்ணத்தால் மீண்டும் மூடாவிடில், துரு முதலிற் பற்றுவது திருப்பம் மிகுந்துள்ள அதே அடியையே.