சான்றிதழ் இருக்கிறது, கையுறை எங்கே?

தோட்டத்தில் பாதுகாப்புப் பயிற்சி நடந்தாச்சு. எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாச்சு. ஆளுக்கொரு சான்றிதழும் கிடைச்சாச்சு. மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் 'பயிற்சி வெற்றி' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் மறுநாள் பிரட்டு முடிந்து மருந்தடிக்கப் போகும் சகோதரியின் கையில் கையுறை உண்டா? அதை யார் எழுதுவது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தோழர்களே! பயிற்சியைத் தலை எண்ணி அளக்கக் கூடாது. வெளிக்காட்டில் என்ன மாறியது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

பாராக்குவாட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் காட்டிலும் ரப்பர்க் காட்டிலும் புல்லைக் கருக்க அடித்த மருந்து அது. வயிற்றுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும், முறிமருந்து கிடையாது. 2002-இல் அதைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் ஆபத்தில்லை என்று விற்பனைத் தரப்பு வாதாடியது. 2006-இல் மறு ஆய்வுக்காகத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. கொளுத்தும் வெயிலில் முகமூடி போட்டு நாள் முழுக்க நிற்க முடியுமா? பம்பு ஒழுகி முதுகு நனைந்தால் சான்றிதழ் காப்பாற்றுமா? பயிற்சியால் தீராததைச் சட்டம்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

பாராக்குவாட் போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து நாமே நாலு கேள்வி கேட்போம்:

1. பாடம் நமக்கும், பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத் தம்பிக்கும் புரிந்த மொழியில் நடந்ததா?

2. காட்டிய கையுறையும் பூட்ஸும் கைக்கு வந்ததா? கிழிந்தால் மாற்றித் தருகிறார்களா?

3. சொல்லிக்கொடுத்தபடி நிதானமாகச் செய்தால் அன்றைய வேலைக் கணக்கு முடிகிறதா, சம்பளம் குறைகிறதா?

4. கண் எரிச்சல், தோல் புண் குறைந்ததா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால், இன்னும் பத்துப் பயிற்சி வைத்தாலும் பயனில்லை. மாற வேண்டியது வேலைக் கணக்கு.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பயிற்சியும் மேற்பார்வையும் முதலாளியின் கடமை. பாதுகாப்புச் சாமானுக்கு நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. 2024 ஜூன் 1 முதல், உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், அங்கிருந்து விலகும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் நாலு பதிலையும் எழுதிப் பிரதிநிதியிடம் கொடுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறச் சொல்லுங்கள். சட்டம் வகுப்பவர் கண்ணில் வருகைப் பதிவேடு மட்டுமே பட்டால், நம் கை எரிவது அவருக்கு எப்படித் தெரியும்?